சாட்சியின் நடத்தை

கோட்டைப்பட்டினத்துக்கும் மீமிசலுக்கும் இடையில், கடலோரமாக இருக்கிற அந்த ஊரில் ஒரு பெண் இறந்துபோனால், பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பிய கையோடு ஹவ்வா உம்மாளுக்கும் சொல்லி அனுப்புவார்கள். மையத்தை, அதாவது இறந்த உடலை, குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திவிடுவது அவள் வேலை. அதற்கு அவள் எதுவும் வாங்கிக்கொள்வதில்லை. அவள் புருஷன் பக்கீர் முகமது விசைப்படகுகளுக்கு வலை பின்னிக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார்.

அவளுடைய கைகளைப் பற்றித்தான் பெண்கள் பேசுவார்கள். வீடு முழுக்க ஒப்பாரியும் மயக்கமுமாகக் கிடக்கும்போது அவள் மட்டும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பாள். அவள் உள்ளே போனால் வெளியே இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் மூச்சு சீராகும்.

இந்தக் கை அவளுக்கு ஒரு மழைக்காலத்தில் வந்தது. அவளுடைய மகள் மர்யம் நாலு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அப்போது ஊரில் குளிப்பாட்டுகிறவளாக இருந்த கிழவி பேத்தி வீட்டுக்கு வெளியூர் போயிருந்தாள். மழையில் ரோடு அறுத்துக்கொண்டு பஸ் இல்லை. மற்றப் பெண்கள் பிள்ளையைப் பார்த்ததும் உடைந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஹவ்வா உம்மாளே குளிப்பாட்டினாள். தண்ணீர் எந்த இடத்தில் விழுகிறதோ அந்த இடத்தை மட்டும் பார்த்தாள். தோள் என்றால் தோள், முழங்கால் என்றால் முழங்கால். அது யாருடைய முழங்கால் என்கிற நினைப்பை உள்ளே விடவில்லை. கை ஒரு தடவைகூட ஆடவில்லை. அல்லாஹ் அவளுக்கு எவ்வளவு பெரிய பொறுமையைக் கொடுத்திருக்கிறான் என்று ஊர் வியந்தது. அழுகை பிறகு வரும் என்று அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. கொஞ்ச காலத்தில் காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வருஷங்கள் போகப் போக அவள் விரல்கள் நிறைய தெரிந்துகொண்டன. மையத்தின் மேல் ஒரு கனமான துணி எப்போதும் மூடியே இருக்கும். துணி சுற்றிய கையை அதற்குள் விட்டுத்தான் கழுவ வேண்டும். கண்ணுக்கு வேலை குறைவு. எவள் கடைசிக் காலத்தில் சரியாகச் சோறு கிடைக்காமல் போனாள், எவளைப் புரட்டிப் போட ஆளில்லாமல் முதுகு புண்ணானது என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். எதையும் அவள் சொன்னதில்லை. மையத்திடம் கண்ட குறையை மறைப்பது கடமை என்று சின்ன வயதிலேயே ஓதக் கேட்டிருக்கிறாள். அவள் அதை இன்னும் ஒரு படி உள்ளே தள்ளி வைத்துக்கொண்டாள். கண்டதை வாயிடம் மட்டுமல்ல, மனசிடமும் சொல்வதில்லை.

ருக்கையா இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது.

ருக்கையா, மீன் ஏலத்தில் வேலை பார்க்கிற சேகு தாவூதின் மூத்த மகள். அடுத்த தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை பைரோஸ் ஷார்ஜாவிலிருந்து வந்து மீமிசலில் செல்போன் கடை போட்டிருந்தான். கைக்குழந்தை ஒன்று, பெண் குழந்தை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள், அறந்தாங்கிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. மாலை அஸர் தொழுகைக்குள் அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

தண்ணீர் ஊற்ற ஜுனைதா வந்திருந்தாள். அவள் ஹவ்வா உம்மாளின் கொழுந்தன் மனைவி. ருக்கையா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுக்கு அரபு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். அவளால் தாங்க முடியவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, முந்தானையால் துடைத்துத் துடைத்து, சொன்ன இடத்தில் தண்ணீர் ஊற்றினாள். பல தடவை தண்ணீர் தரையில் போனது.

ஹவ்வா உம்மாளின் கை துணிக்கு அடியில் போயிற்று. இடப்பக்க விலாவில் இரண்டு இடங்களில் எலும்பு சேர்ந்து முடிச்சுப் போட்டிருந்தது. பழைய முறிவு. மேல்கையை வெளியே எடுத்தபோது நாலு கருநீலப் பட்டைகளும், மறுபக்கத்தில் கட்டைவிரல் அளவு ஒன்றும் இருந்தன. பிடித்த கையின் அச்சு அப்படியே இருந்தது. பிறகு தலைமுடியைக் கழுவி மூன்று பின்னலாகப் பிரித்தாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவுக்கு முடியே இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. அங்கே கை ஒரு நொடி நின்றது. பிறகு மீதி முடியை இழுத்து அந்த இடத்தை மூடிப் பின்னியது.

வெளியே வந்ததும் ருக்கையாவின் தாய் ஜெய்னம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

“தூங்குற மாதிரி இருக்கா” என்றாள் ஹவ்வா உம்மாள்.

பைரோஸின் தாய் டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஹவ்வா உம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து அதைக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். போய்ச் சோறு சாப்பிட்டாள், தூங்கினாள். பொய்யாக ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குப் பசித்தது, தூக்கமும் வந்தது.

நோன்பு மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெய்னம்பு அவள் வீட்டுக்கு வந்தாள். ஹவ்வா உம்மாள் பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஜெய்னம்பு கொஞ்சம் தெளிந்திருந்தாள். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டதைச் சொன்னாள். தாயில்லாத பிள்ளை வேற்றுப் பெண்ணின் கையில் வளரக்கூடாது என்று இரண்டு வீட்டாரும் பேசி, பெருநாள் முடிந்ததும் இளையவள் சாமியாவையே பைரோஸுக்கு நிக்காஹ் செய்துவைப்பதாக முடிவு செய்திருப்பதையும் சொன்னாள். சாமியா என்ன சொன்னாள் என்று ஹவ்வா உம்மாள் கேட்டாள். அவள் என்ன சொல்வாள், அக்கா பிள்ளைதானே என்றாள் ஜெய்னம்பு.

அவள் போன பிறகு ஹவ்வா உம்மாள் மிச்ச மீனையும் ஆய்ந்து, அலசி, உப்புப் போட்டுப் பிசறினாள். பிசறும்போதுதான் கவனித்தாள். அவளுடைய விரல்கள் சட்டிக்குள் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தன. ருக்கையாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். முகம் வரவில்லை. குளிப்பாட்டும்போது அவள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. விலாவில் இருந்த முடிச்சு மட்டும் விரல் நுனிக்கு வந்தது. தண்ணீரில் கையைக் கழுவினாள். மறுபடியும் வந்தது.

பக்கீர் முகமதிடம் சொன்னாள். அவர் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் இன்னும் சில கண்ணிகள் பின்னினார். நீ இதைப் பேசினால் இனிமேல் யாரும் உன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்றார். பேசாதே என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அவள் பள்ளிவாசலில் தொழவைக்கிற அஜ்ரத்தின் வீட்டுக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று, பெயர் சொல்லாமல் கேட்டாள். மையத்தில் கண்டதை வெளியில் சொல்லலாமா என்று. அவர் வயதில் சின்னவர்.

“மையத்தோட குறையத்தான் மறைக்கணும்மா” என்றார். “உசுரோட இருக்கிறவன் செஞ்ச குத்தம் மையத்தோட குறை ஆகாது. அத மறைச்சா, நீங்க மறைக்கிறது வேற ஆளை.”

அங்கிருந்து அவள் நேராக ஜெய்னம்புவின் வீட்டுக்குப் போனாள். சேகு தாவூது ஏலத்துக்குப் போயிருந்தார். சாமியா உள்ளறையில் இருந்தாள்.

“ஜெய்னம்பு, சாமியாவ அங்க குடுக்காத.”

ஜெய்னம்பு சிரித்தபடியே ஏன் என்று கேட்டாள். ஹவ்வா உம்மாள் சொன்னாள். விலாவைச் சொன்னாள், மேல்கையைச் சொன்னாள், காதுக்குப் பின்னால் முடி இல்லாமல் இருந்ததைச் சொன்னாள். சந்தையில் என்ன வாங்கினோம் என்று சொல்வதுபோல அவள் குரல் ஏறாமல் இறங்காமல் இருந்தது. வேறு மாதிரி சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

ஜெய்னம்பு தரையில் உட்கார்ந்தாள்.

“நான் கேட்டப்ப, தூங்குற மாதிரி இருக்கான்னு சொன்னீங்களே லாத்தா.”

“சொன்னேன்.”

“அத நெனச்சு நெனச்சுத்தானே நான் இத்தன நாளும் சோறு தின்னேன்.”

உள்ளறைக் கதவில் சாமியா வந்து நின்றாள். ஜெய்னம்பு கையை நீட்டி வாசலைக் காட்டினாள். அதற்குப் பிறகு ஜெய்னம்பு அவளிடம் பேசவில்லை.

நிக்காஹ் நின்றது. சேகு தாவூது போலீசில் புகார் கொடுத்தார். ஜமாஅத்தில் சிலர் அவரைத் தடுத்துப் பார்த்தார்கள், சிலர் கூட நின்றார்கள். கபர்ஸ்தானில் ஒரு பக்கமாகத் தார்ப்பாய் கட்டி, தாசில்தார் முன்னிலையில் ருக்கையாவைத் தோண்டி எடுத்தார்கள். கடற்கரை மணல் அதற்குள் தன் வேலையை முடித்திருந்தது. நாலு பட்டைகளும் இல்லை, தோலே இல்லை. விலாவில் ஒட்டிச் சேர்ந்த பழைய முறிவு இரண்டு இருப்பதாக டாக்டர் எழுதினார். அடித்ததாலும் வந்திருக்கலாம், விழுந்ததாலும் வந்திருக்கலாம், சாவுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது என்றும் எழுதினார். பைரோஸ் கைதாகி ஜாமீனில் வெளியே வந்தான். வழக்கு ஏறக்குறைய ஹவ்வா உம்மாளின் சாட்சியத்தை மட்டுமே நம்பி நின்றது.

விசாரணை வர மூன்று வருஷம் ஆயிற்று. அதற்குள் ஊர் அவளை விட்டு விலகியது. சண்டை ஒன்றும் இல்லை. வழியில் பார்த்தால் சலாம் சொன்னார்கள். ஆனால் ஒரு வீட்டில் மையத்து விழுந்தால் ஆட்டோ பிடித்து வேறு ஊரிலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டிவந்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்களின் உடம்பைத் தொட்டுவிட்டுப் பிறகு கோர்ட்டில் போய்ச் சொல்கிற கை அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

சாட்சி சொல்லப் போன அன்று அரசு வக்கீல் அவளை வராந்தாவில் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். நல்ல மனிதர், களைத்துப் போயிருந்தார். அவள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கிறது, சொல்கிற விதம்தான் உறைக்கவில்லை என்றார். “அந்தப் பொண்ண நெனச்சுக்கங்கம்மா. கொஞ்சம் கலங்குனீங்கன்னா நல்லது” என்றார்.

அவள் கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ருக்கையாவை நினைக்கப் பார்த்தாள். விரல்தான் நினைத்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பைரோஸின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். துணிக்கு அடியில் கையை விட்டுத் தடவி எலும்பு முறிவைக் கண்டுபிடிக்க அவள் டாக்டருக்குப் படித்திருக்கிறாளா என்றார். இல்லை என்றாள். பிறகு அவர் அதை விட்டுவிட்டார்.

“குளிப்பாட்டி முடிச்சு வெளியில வந்து டீ குடிச்சீங்களா?”

“குடிச்சேன்.”

“பாதியில வச்சீங்களா?”

“இல்ல. முழுசாக் குடிச்சேன்.”

“கூட இருந்த ஜுனைதா அழுதாங்களா?”

“அழுதா.”

“நீங்க?”

“அழல.”

“ஒரு சின்னப் பொண்ண அடிச்சே கொன்னுருக்காங்கன்னு ஒங்க கைக்குத் தெரியுது. பக்கத்துல ஒருத்தவங்க கதறி அழறாங்க. ஒங்களுக்கு அழுகையும் வரல, டீ மட்டும் எறங்கியிருக்கு. எப்படிம்மா?”

ஹவ்வா உம்மாள் யோசித்தாள். அவளுக்கே இதற்கு விடை தெரிய வேண்டியிருந்தது.

“அழுதா கை நிக்காது” என்றாள். “கை நிக்கலன்னா மையத்துக்கு நோகும்.”

வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி, கம்பியின் மேல் அசையாமல் இருந்த அவள் கைகளைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இறந்தவர்களுக்கு நோகும் என்று ஒருத்தி கோர்ட்டில் சொல்கிறாளே என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாய்தாவில் ஜுனைதாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஏறியதிலிருந்து அழுதாள். ருக்கையா எப்படிப்பட்ட பெண் என்று சொல்லும்போது டைப் அடிக்கிற பெண்கூட நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். உடம்பில் காயம் பார்த்தாயா என்று கேட்டபோது ஜுனைதா உண்மையைத்தான் சொன்னாள்.

“அழுதுக்கிட்டே தண்ணி ஊத்துனேங்க. எனக்குக் கண்ணே தெரியல. ஒண்ணும் பாக்கல.”

இதை வக்கீல் கடைசி வாதத்தில் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் மேல் பாசம் வைத்திருந்தவர், ஒரு கை தூரத்தில் நின்றவர், காயம் எதையும் பார்க்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தவர், மாதக்கணக்கில் வாய் திறக்காதவர், எல்லாவற்றையும் பார்த்தாராம். நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டார்.

தீர்ப்பு சொன்ன அன்று சேகு தாவூதும் சாமியாவும் வந்திருந்தார்கள். ஜெய்னம்பு வரவில்லை. ஹவ்வா உம்மாளும் ஜுனைதாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பவ தினத்தன்று சாட்சியின் நடத்தை இயல்பான மனித நடத்தைக்கு ஒத்துவரவில்லை, அவருடைய சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிப்பது பாதுகாப்பானதல்ல, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து அவரை விடுதலை செய்வதாக நீதிபதி வாசித்தார். பைரோஸ் கண்ணை மூடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அவன் தாய் சத்தமாக அழுதாள்.

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது அறந்தாங்கி பஸ்ஸில் ஹவ்வா உம்மாளுக்கும் ஜுனைதாவுக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அரிமழம் தாண்டும்போது கண்டக்டர் வந்தார். ஹவ்வா உம்மாள் டிக்கெட்டை வாங்கினாள். அது கையில் நிற்காமல் கீழே விழுந்தது. ஜுனைதா எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். ஹவ்வா உம்மாளின் இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தன. குளிரில் நடுங்குவதுபோல இல்லை. உள்ளே யாரோ பிடித்து உலுக்குவதுபோல இருந்தது. அவள் ஒன்றால் மற்றொன்றை அழுத்திப் பிடித்தாள். இரண்டும் சேர்ந்து ஆடின.

ஜுனைதா அந்தக் கைகளைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்:

“இது அங்க நிக்கிறப்ப ஆடியிருந்தா நம்பியிருப்பாங்க லாத்தா.”

ஹவ்வா உம்மாள் தலையை ஆட்டினாள். நடுக்கம் அறந்தாங்கியில் நிற்கவில்லை, வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. மறுநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. அழுகை வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஜுனைதா சொன்னாள். அது வரவில்லை. டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வந்தது. தூக்கத்திலும் விரல்கள் பாயைத் தடவின. பக்கீர் முகமது அவளுக்குச் சோறு பிசைந்து உருட்டி உள்ளங்கையில் வைக்கப் பழகிக்கொண்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவள், “மர்யத்துக்குக் கணுக்கால்ல ஒரு மச்சம் இருந்துச்சு” என்றாள். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து கேட்ட அவர் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார்.

சாமியா ஒரு மாலையில் வந்தாள். மீமிசலில் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து, வீட்டுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். அவள் ஹவ்வா உம்மாளிடம் நன்றி சொல்ல வரவில்லை, கோபித்துக்கொள்ளவும் வரவில்லை. பைரோஸுக்குக் கறம்பக்குடிப் பக்கம் பெண் பேசி முடித்துவிட்டார்கள் என்று சொன்னாள். பெண்ணின் வாப்பா பாத்திரக் கடைக்காரர். வழக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியும். விடுதலை ஆனதும் தெரியும்.

“நான் போய்ச் சொல்லப்போறேன் மாமி. நீங்களும் வாங்க. நான் பாத்தவ இல்ல.”

“நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்கம்மா.”

“தெரியும். வாங்க.”

அறந்தாங்கி போய், பஸ் மாறி, கறம்பக்குடியில் இறங்கி விசாரித்து அந்த வீட்டுக்குப் போனார்கள். பெண்ணின் தகப்பனார் நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ரொட்டியும் டீயும் வந்தன. இந்தத் தடவை ஹவ்வா உம்மாளால் சீராகச் சொல்ல முடியவில்லை. சொல் தடுக்கியது. டம்ளரை வாங்கியபோது டீ தளும்பி மடியிலும் பாயிலும் கொட்டியது. அவர் பதறி எழுந்து அவளைத் தாங்கிப் பிடித்தார். சாமியாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த அம்மாவுக்கு எவ்வளவு நாளாக உடம்பு இப்படி என்று கேட்டார். பாவம், இந்த நிலைமையில் இவரை இவ்வளவு தூரம் அலைக்கழிக்கக் கூடாது என்றார்.

“கோர்ட்டே இல்லன்னு சொல்லிருச்சேம்மா” என்றார். “பெரிய படிப்புப் படிச்சவங்க விசாரிச்சுச் சொன்னத விட்டுட்டு, நான் இவங்க சொல்றத வச்சு ஒரு சம்பந்தத்த எப்படி முறிக்கிறது?” அவர் குரலில் ஏளனம் இல்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் அவர்கள் நின்றுகொண்டிருந்தபோது, கறுப்புத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் வேகமாக வந்தாள். அந்த வீட்டில் அடுப்படி நிலைக்கு உள்ளேயே நின்றவள், பெண்ணின் தாய். சுற்றும் முற்றும் பார்த்தாள். ஹவ்வா உம்மாளுக்கு முன்னால் வந்து நின்று, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எந்த எடத்துல?”

ஹவ்வா உம்மாள் தன் கையைத் தூக்கினாள். அது காற்றில் ஆடியது. ஆடியபடியே அந்தப் பெண்ணின் மேல்கையில் இறங்கியது. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். பிறகு துப்பட்டாவுக்கு மேலாக இடது விலாவில் ஒரு இடம், அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு இடம். பிறகு காதுக்குப் பின்னால். நடுங்கினாலும் கை எங்கே போக வேண்டும் என்று தடுமாறவில்லை. அந்தப் பெண் விலகாமல் நின்றாள். கை காதுக்குப் பின்னால் வந்து நின்றபோது அவள் கண் மூடியது. பஸ் வந்தது. அவர்கள் ஏறினார்கள். ஜன்னல் வழியாகச் சாமியா பார்த்தபோது, அவள் தன் மேல்கையைத் தானே பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தாள்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள் என்று காரணம் சொல்லி அனுப்பினார்கள். பைரோஸின் வீட்டார் யாரையும் சந்தேகப்படவில்லை.

ருக்கையாவின் குழந்தை பைரோஸின் தாயிடம் வளர்கிறது. அதைப் பார்க்க ஜெய்னம்புவை விடுவதில்லை. ஸ்கூல் வேன் வருகிற நேரத்துக்கு அவள் தெருமுனையில் நிற்பாள். குழந்தைக்கு அவள் யார் என்று தெரியாது. எதிரே ஹவ்வா உம்மாள் வந்தால் ஜெய்னம்பு தலையைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பொய்யை நம்பித் தான் தின்ற சோற்றை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

பைரோஸ் கடையை விற்றுவிட்டு மறுபடியும் ஷார்ஜாவுக்குப் போனான். போன வருஷம் லீவில் வந்தவன் ஊருக்கு வராமல், வேறு ஏதோ மாவட்டத்தில் கல்யாணம் முடித்துக்கொண்டு போய்விட்டான் என்று பேச்சு வந்தது. பெண் எந்த ஊர், யார் வீடு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாமியா மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தாள், ஷார்ஜாவில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு போன் போட்டும் கேட்டாள்.

வாரத்தில் ஒரு நாளாவது அவள் ஹவ்வா உம்மாளைப் பார்க்க வருகிறாள். வந்தால் தலைவாரிப் பின்னிவிடுகிறாள், மாத்திரையைப் பிரித்துக் கொடுக்கிறாள். ஹவ்வா உம்மாள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

“எந்த ஊருன்னு தெரிஞ்சுதா?”

“இன்னும் இல்ல மாமி” என்பாள் சாமியா.